டிபன் பாக்ஸைச் சோதித்த அமலி மேடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. வேதியியல் துறை அமலோற்பவ மேடம் தூக்கத்திலேயே போய்விட்டார். கைப்பேசியை என் மனைவி செல்வியிடம் நீட்டினேன். படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், மதிய மணி அடித்தால் அமலி மேடம் நம் டிபன் பாக்ஸ் பக்கத்தில்தான் நிற்பார். "சார், இன்னைக்கு என்ன வெஞ்சனம்? ஒரு கரண்டி தாங்க." வாங்கியது நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போகும். "நம்ம ஊருல யாரு சார் கீரையைப் பச்சையாத் திங்கிறா? வதக்கித் தேங்காய் போட்ட பெறகு என்ன மிஞ்சுதுன்னு பாக்கணும்ல" என்பது அவர் கட்சி. அரைத்து வடித்த சாற்றை ஊதாக் கரைசலில் விடுவார். ஊதா வெளுத்து மஞ்சளானால், உடம்பின் செல்களை அரிக்கும் பொருள்களை அடக்குகிற சத்து அதில் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். தமிழ்த்துறைக்காரனான எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். தன் வீட்டு வெண்டைக்காய் தேறவில்லை என்று இயற்பியல் துறைத் தலைவர் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

செல்வியின் முருங்கைக்கீரைப் பொரியல் அந்தக் கரைசலைப் பட்டென்று மஞ்சளாக்கிவிட்டது. மேடமே போன் போட்டு, "ஒன் பொரியல்தாம்மா ஃபர்ஸ்ட்டு" என்றார். வந்தது வினை. செல்வி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கீரையாகச் சாப்பிட்டு, ஒருநாள் தலைசுற்றி விழுந்தாள். இப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். அப்போதும் மாத்திரையைத் தொட மாட்டேன் என்று அடம். "லேபுலயே சொல்லிட்டாக, இவரு என்ன சொல்றது?"

கேள்விப்பட்ட மேடம் அன்று சாயங்காலமே டவுன் பஸ் ஏறி வந்தார். நேராக அடுக்களை.

"ஏத்தா, டியூப்புக்குள்ள நடந்ததைத்தான் நான் சொன்னேன். ஒன் ஒடம்புக்குள்ள என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது. தெரியாததைச் சொன்னேன்னு எம் பேரைக் கெடுக்கிறியா?"

மேடம் கைப்பையிலிருந்து தன் மாத்திரை டப்பாவை எடுத்தார். "கீரையை ஆராய்ச்சி பண்ற நானே இதையும் போட்டுக்கிட்டுத்தான் திங்கிறேன். ரெண்டும் வேணும்த்தா."

இருவரும் தண்ணீர் எடுத்து ஒன்றாக விழுங்கினார்கள். பிறகு மேடம் உட்கார்ந்து பொரியலோடு சோறு சாப்பிட்டார். கை கழுவும்போது, "உப்பு கூட. பிரஷருக்கு அதுவும் ஆகாது" என்று ஒரு குட்டும் வைத்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒருவர், "இம்புட்டுக் கீரை தின்ன மனுசிக்கே இப்படியா?" என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மேடம் காதில் விழுந்திருந்தால், "சாவை நிறுத்தும்னு நான் எப்பய்யா சொன்னேன்?" என்று அவரை ஒரு பிடி பிடித்திருப்பார்.

மேடத்தின் நினைவாக யாரிடம் என்ன இருக்கிறது என்று குழுவில் கேட்டிருந்தார்கள். பலரும் புகைப்படம் அனுப்பினார்கள். என்னிடம் ஒரு படம்கூட இல்லை. "எழுதுனது போதும், சோறு ஆறிப்போகுது" என்று உள்ளேயிருந்து ஒருத்தி அதட்டிக்கொண்டிருக்கிறாள். மேடம் எனக்கு விட்டுப்போனது அவளைத்தான்.