தென்னை மண்டையில் வைத்த மருந்து

"எங்க வீட்டுல விஷமே கிடையாது" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கொட்டாரத்துப் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கும்வரை இதிலிருந்து விடுதலையில்லை.

அன்று ஒரு கணவனும் மனைவியும் நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். மூக்கில் ரத்தம். ஈறு வெளுத்துக் கிடந்தது. ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே இருந்தேன்; நிற்கவில்லை. எடுத்த ரத்தமும் குழாயில் உறையாமல் கிடந்தது. எலி மருந்துதான். அது தின்ற அன்றே கொல்லாது. சில நாள் கழித்துத்தான் உள்ளே ரத்தம் கசியும். அதற்குள் நாய் எதைத் தின்றதென்பது வீட்டாருக்கு மறந்தே போயிருக்கும்.

"மதிலுக்கு அந்தப் பக்கத்து ஆளுதான் வச்சது டாக்டர். காலையிலயே நாலு பேரு கேக்க நல்லா கேட்டுட்டுதான் வந்தோம்," என்றார் மனைவி.

பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்காத நாய் ஒன்றுகூட என்னிடம் வந்ததில்லை. அலுப்போடு என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"கடைசியா தேங்கா எப்ப வெட்டுனீங்க?"

"போன வாரம்."

"மரத்துல எலி உண்டுமா?"

"பின்ன இல்லாமலா? வெட்ட வந்த ஆளுகிட்ட குடுத்து தென்ன மண்டையில, ஓலைக்கு இடையில எலி மருந்து வச்சோம்," என்றார் கணவர். "ஆனா அது மேலயில்லா இருக்கு!"

மேலே தின்ற எலி கீழேதான் வந்து விழும். இந்த ஆடிக்காற்றில் மருந்துக் கட்டியும் விழும். எதைத் தின்றாலும் நாய்க்கு விஷம்தான். சொன்னேன். வைட்டமின் கே ஊசி போட்டு, மாத்திரை எழுதி, நாய் தெளிந்துவிட்டதென்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"இனி அவரு மொகத்துல எப்படி முழிக்க?" என்றார் கணவர். நான் வெளியே காத்திருந்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் ஒரு பெரியவர் ஒயர்கூடையில் பூனையைக் கொண்டுவந்தார். வாயோரம் ரத்தம். தொட்டேன், குளிர்ந்திருந்தது.

"நாங்க விஷமெல்லாம் வைக்கல்ல டாக்டர்."

வீடு எங்கே என்று கேட்டேன். அதே மதிலின் மறுபக்கம். அந்தப் பக்கம் விழுகிற எலிக்கு மதில் தெரியுமா, பூனைக்குத்தான் தெரியுமா? முதல்முறையாக அந்த வார்த்தையை நம்பினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு ஆத்திரமாக வந்தது. பூனை செத்துவிட்டது என்று சொல்லி, தென்னை மரத்து விஷயத்தையும் சொன்னேன்.

அவர் பூனையைப் பார்க்கவில்லை.

"அந்த நாயி பொழச்சிருமா டாக்டர்? அது செத்தா நாந்தான் கொன்னேன்னு ஆயிரும்."

"பொழச்சிரும்," என்றேன்.

அதன்பிறகுதான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுதார்.