ஊமைப் படத்துக்குச் சத்தம் கொடுத்த சிங்காரம்

சிங்காரத்தை ஒரு நிமிஷம் சும்மா உட்காரச் சொல்லிப் பாருங்கள், முடியாது. பானை கிடைத்தால் பானை, தோணி கிடைத்தால் தோணி, ஒன்றும் கிடைக்காவிட்டால் தன் தொடை. எதையாவது தட்டிக்கொண்டே இருப்பான். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரின் முதுகில் தாளம் போட்டு, பாவம், அந்த மனிதருக்குப் புரையேறிவிட்டதாகக் கேள்வி. மணப்பெண் அம்மணி அன்றைக்கே எழுந்து போயிருக்க வேண்டும். என்ன செய்வது, அவளுக்கு அது பிடித்துத் தொலைத்துவிட்டது.

ஒல்லாந்தர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம் அது. ஏரிக்குள் இருக்கிற எங்கள் தீவு பசியாவரம். மடவை மீன் கூட்டமாகக் கரையோரம் வந்தால், காவல் தோணியில் இருப்பவன் பலகையை அடிப்பான். சத்தம் கேட்டதும் சாப்பிடுகிறவன்கூடக் கை கழுவாமல் வலையோடு தண்ணீரில் இறங்க வேண்டும். இறங்காதவனுக்கு மீனில் பங்கில்லை. ஊரின் வயிறே அந்தப் பலகையில் இருந்ததால், அதை அடிக்கிறவனுக்குத் தனி மரியாதை. அந்த மரியாதை சிங்காரத்திடம்தான் இருந்தது. காப்பாற்றிக்கொள்ளத்தான் அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் மடவை வந்தது, தண்ணீரே கறுத்துப்போகும் அளவுக்கு வந்தது. சிங்காரம் அடித்தான். வெறுமனே அடித்தானா? இழுத்து அடித்தான், நிறுத்தி அடித்தான், சுற்றிவளைத்து வந்து ஒரு முத்தாய்ப்பும் வைத்தான். கரையில் நின்று ஊர் முழுக்கத் தலையாட்டி ரசித்தது. மீன் ரசிக்கவில்லை, போய்விட்டது.

ஊர்ப் பெரியதனம் சுப்பராயலுவுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"இன்னாடா இது, கோயில் மேளமா? நீ அடிச்சா ஒருத்தனுக்கும் காலு நகர மாட்டேங்குது, தலைதான் ஆடுது" என்று பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துவிட்டார். சிங்காரத்துக்குக் கிடைத்தது, தோணியில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற சிரட்டை. அதையும் தட்டிக்கொண்டுதான் இறைத்தான் என்பது வேறு விஷயம். ஆனால் வீட்டுக்கு வந்ததும், "பலகை இல்லாம ஊருல நான் இன்னா ஆளு, நீயே சொல்லு" என்று அம்மணியிடம் குழந்தை மாதிரி அழுதான். அவளுக்குப் பெற்ற வயிறாக எரிந்தது.

இப்படியிருக்கும்போதுதான் கோட்டையில் கணக்கெழுதுகிற யாக்கோபு துரை ஒரு பெட்டியோடு தீவுக்கு வந்து இறங்கினார். பெட்டிக்குள் விளக்கு. விளக்குக்கு முன்னால் கண்ணாடித் துண்டில் தீட்டிய படம். பொழுது சாய்ந்ததும், கட்டித் தொங்கவிட்ட பாய்த்துணியில் அந்தப் படம் ஆள் உயரத்துக்கு விழும். கோட்டையில் இருந்தவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன பிறகு துரைக்கு எங்கள் ஞாபகம் வந்திருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

முதலில் ஒரு கப்பல் விழுந்தது. ஊர் வாயைப் பிளந்தது. கப்பல் அப்படியே நின்றது. பிளந்த வாய் கொட்டாவியானது.

"இன்னா துரை, தரை தட்டிக்கினு நிக்குதா?" என்று ஒருவன் கேட்டான்.

கவிழ்த்துப்போட்ட தோணி ஒன்றின் பக்கத்தில், துணிக்கு ஓரமாக உட்கார்ந்திருந்த சிங்காரத்துக்குக் கை துறுதுறுத்தது. தோணியருகே கிடந்த ஈரக் கயிற்றை ஒரு பானையின் கழுத்தில் சுற்றி மெல்ல இழுத்தான். பாய்மரம் முறுக்கிக்கொள்கிற மாதிரி ஒரு முனகல். பானை வாயில் ஊதினான், காற்று வந்துவிட்டது.

"ஐயையோ, ஆடுது பாரு!" என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கப்பல் இம்மியும் அசையவில்லை.

துரை ஆனந்தமாக அடுத்த கண்ணாடியைச் செருகினார். ஜன்னலோரம் ஒரு வெள்ளைக்காரி நின்றாள். சிங்காரம் கிளிஞ்சல்களைச் சலங்கை மாதிரி குலுக்க, இளவட்டங்கள் சீட்டியடித்தார்கள். "யாருக்குக் கண்ணு காட்டுறா?" என்று ஒரே ரகளை. உடனே கிளிஞ்சலை நிறுத்திவிட்டுப் பானைக்குள் அடித்தொண்டையில் மெல்ல முனகினான். அதே வெள்ளைக்காரி, அதே ஜன்னல். கூட்டம் அடங்கிவிட்டது.

"கடலுக்குப் போன புருசன் வரல போல" என்று அம்மணி மூக்கை உறிஞ்சினாள். சீட்டியடித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சத்தம் மாறியதும் துணியில் நின்றவள் முகமே வாடிவிட்டது என்று சத்தியம் செய்தவர்கள்கூட உண்டு.

மூன்றாவது படத்துக்கு இரண்டு கண்ணாடிகள். ஒன்றில் கடல், இன்னொன்றில் மீன்கள். ஒன்றின்மேல் ஒன்றைத் துரை நகர்த்தினார். துணியில் மீன் கூட்டம் நகர்ந்தது. அதுவரை ஊரையே ஏமாற்றிக்கொண்டிருந்த சிங்காரம் இப்போது தானே ஏமாந்தான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது படமில்லை, மடவை. பானை கையிலிருந்து நழுவியது. பக்கத்திலிருந்த தோணியின் அடியில் இரண்டு கையாலும் அடித்தான். டம், டம், டம், டம். இழுப்பும் இல்லை, முத்தாய்ப்பும் இல்லை.

அவ்வளவுதான். ஊர் மொத்தமும் எழுந்து, வலையை வாரிக்கொண்டு ஏரிக்கு ஓடியது. கலகம் என்று நினைத்த துரை பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். தண்ணீரில் முதலில் குதித்தவர் வேறு யாருமில்லை, சுப்பராயலுதான்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை விரித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஊரே சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. அவர் சிரிக்கவில்லை. சொட்டச் சொட்டக் கரையேறி நேராகச் சிங்காரத்திடம் வந்தார். அடி விழப்போகிறது என்று அம்மணி குறுக்கே போய் நின்றாள்.

"மீனு எங்கடா?" என்றார்.

"துணியில, அண்ணா" என்றான் சிங்காரம். "அன்னிக்கு நெசமான மீனு வந்துச்சு. நான் அதைப் பார்க்கல, கரையில யாரு தலையாட்டுறாங்கன்னு பார்த்து அடிச்சேன். இன்னிக்குத்தான் மீனைப் பார்த்து அடிச்சேன்."

சுப்பராயலு வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் பலகை இருந்தது.

"இந்தா. நெசமான மீனு வந்தாலும் இப்படி அடி" என்று அதை அவன் மடியில் வைத்தார்.

சிங்காரம் பலகையைக் கட்டிக்கொண்டு கேவிக் கேவி அழுதான். அம்மணி முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள்.