கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளை விசாரித்தது

பழைய கொழும்பைச் சுற்றிக் காட்டப் போவதாகச் சொல்லித்தான் அண்ணா என்னைக் கூட்டிப் போனார். அயலவர்களுக்குச் சொல்ல அது போதும். உண்மையில், எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா கடிதம் எழுதியிருந்தார். சாதகம் பொருந்திவிட்டது, பெடியன் துறைமுகத்தில் கிளார்க், கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருக்கிறான், குணம் நடையை விசாரித்து ஒரு கிழமைக்குள் எழுது என்று. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வெள்ளவத்தையில் அண்ணா வீட்டில் தங்கி ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அண்ணா எழுதப்போகும் அந்தப் பதிலில் என் மிச்ச வாழ்க்கை முழுவதும் இருந்தது.

அண்ணாவுக்கு அந்நியரோடு கதைப்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவரை நம்பி அனுப்ப எனக்கு மனமில்லை. நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். மாப்பிள்ளை விசாரிக்கப் பெண்ணே போவதா என்று அண்ணி தலையில் கைவைத்தார்.

"வாறதெண்டால் வா. ஆனால் வாயைத் திறக்கப்படாது," என்றார் அண்ணா.

மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று கலியாணத் தரகர் சொல்லியிருந்ததால் ஞாயிறு காலையே புறப்பட்டோம். கோட்டை வரை ரயில், அங்கிருந்து ட்ராம். செட்டியார் தெருவில் இறங்கி நடந்தோம். கொழும்புக்கு வந்து இரண்டு வருடமாகியும் நான் அந்தப் பக்கம் போனதில்லை. நகைக்கடைகளில் ஆட்கள் வெள்ளைத் துணி விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேட்டில் ஒல்லாந்தர் கட்டிய பழைய தேவாலயம், பருத்த சுவர்களோடு. அதன் கீழே ஒடுக்கமான ஒழுங்கைகள், மரத்தில் பின்னல் வேலை செய்த ஜன்னல்கள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற வீடுகள். ஒரு பக்கம் கோயில் மணி, மறுபக்கம் மாதா கோயில் மணி. வந்த வேலையை மறந்து வாய் பார்த்துக்கொண்டு நடந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அண்ணா இரண்டு தடவை முழங்கையால் இடித்தார்.

விசாரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. நேரே போய் ஆள் எப்படி என்று கேட்கக்கூடாது. இந்தத் தெருவில் வாடகைக்கு வீடு உண்டா என்று தொடங்கவேண்டும். அயல் எப்படி, பக்கத்து வீட்டில் யார் என்று மெல்ல நகர்ந்து, கடைசியில்தான் அந்த ஆளுக்கு வரவேண்டும். அண்ணா இதை ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

சலூன்காரர் கத்தியைத் தீட்டியபடியே, "அவரோ? தங்கமான பிள்ளை," என்றார். கோயில் வாசலில் மாலை கட்டிய அம்மா, "வெள்ளிக்கிழமை தவறமாட்டார்," என்றார். ரொட்டி சுட்டு விற்கும் பாண் கடையில் இருந்த சிங்களப் பெண்ணிடம் அண்ணா தட்டுத் தடுமாறிச் சிங்களத்தில் கேட்டார். "ஹரி ஹொந்த மாத்தயா," என்று சொல்லிவிட்டு அவள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துச் சிரித்தாள். மிகவும் நல்ல மனிதராம். எங்கே போனாலும் தேன் ஒழுகியது. எனக்கும் மெல்ல மெல்ல அந்த முகம் தெரியாத ஆளைப் பிடிக்கத் தொடங்கியது. பிடித்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, அவருடைய அறைக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். முஸ்லிம் கடை. அண்ணா பெரிய சைவம். வெளியிலே கோப்பையில் வாய் வைக்கமாட்டார். இரண்டு போத்தல் சோடா கேட்டார். கடைக்கார நானாவும் அதே பாட்டைத்தான் பாடினார். பிறகு, சுவரில் மற்றக் கோப்பைகளுக்கு எட்டத்தில், தனி ஆணியில் தொங்கிய எனாமல் கோப்பை ஒன்றைக் காட்டினார்.

"அது அவர்ட கோப்ப. வேற ஒண்டுலயும் குடிக்க மாட்டார். அவரே கழுவி அவரே மாட்டிட்டுப் போவார்."

அண்ணாவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. என் காதுக்குள் குனிந்தார். "பாத்தியே! நான் சோடாவோட சமாளிக்கிறன், இந்த ஆள் கோப்பையே கொண்டந்து வச்சிருக்கு. இதைவிட என்ன ஆசாரம் வேணும்? இண்டைக்கே அப்பாவுக்கு எழுதிறன்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. அவ்வளவு ஆசாரம் பார்க்கிறவர் இந்தக் கடைக்கு ஏன் வருகிறார்? அண்ணா சொன்னதை மறந்து வாயைத் திறந்தேன்.

"நானா, சைவக் கடைக்குப் போனாலும் தனிக் கோப்பைதானோ?"

அவர் மேசையைத் துடைப்பதை நிறுத்தினார்.

"எல்லாக் கடைலயும்தான் மகள்." துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "வீடு தேடுற ஆக்கள் இப்பிடி விசாரிக்கிறல்ல. எனக்கும் மூணு பொம்புளப் புள்ளைகள் ஈக்கிது. அவர் நல்ல மனிசன், அது பொய்யில்ல. நெஞ்சில சயரோகம். மத்தவங்களுக்குத் தொத்தப்படாதெண்டுதான் அந்தக் கோப்ப."

அண்ணா சோடாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. சலூன்காரர், மாலைக்காரி, பாண் கடைக்காரி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு கலியாணத்தைக் குழப்பின பாவம் தங்களுக்கு வேண்டாம் என்று ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாதம் அவர்களைத் திட்டித் தீர்த்தேன். தரகருக்கு, வேறு சாத்திரியிடம் காட்டியதில் சாதகம் பொருந்தவில்லை என்று அண்ணா எழுதிவிட்டார். அப்படி எழுதுவதுதான் மரியாதை.

நாலு மாதம் கழித்து ஒரு பெரியவர் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊர்ப் பாடசாலையில் தலைமை ஆசிரியராம். அதே மாப்பிள்ளையைத் தன் மகளுக்குப் பேசியிருக்கிறார். எங்களோடு பேசி நின்றுபோனது தெரிந்து, காரணம் கேட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தார். அண்ணா நிலத்தைப் பார்த்தார். பெரியவர் தேத்தண்ணியோடு வந்த என்னிடமே கேட்டார்.

"ஏன் பிள்ளை குழம்பினது? ஆளில ஏதும் குறையோ?"

அப்போது எனக்கு வேறொரு இடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவளின் கலியாணத்தைக் குழப்பினவள் என்ற பெயர் எனக்கு முன்னால் அங்கே போய் நின்றுவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

"சாதகம்தான் ஐயா," என்றேன். "ஆள் நல்ல ஆள்."

பெரியவர் நிம்மதியாகத் தேத்தண்ணியைக் குடித்தார். ஆவணியில் கலியாணம் நடந்தது. எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். நான் தலையிடி என்று படுத்துவிட்டேன். அண்ணா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். பெண் நல்ல வடிவு, உன் வயதுதான் இருக்கும் என்றார்.