இடது காதின் வேப்பங்குச்சி

அண்ணன் பிறந்தது ஏரி உடைந்த வருஷம். நான் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம், உடைந்த கரையை இன்னும் கட்டாமல் போட்டிருந்தபோது. எங்கள் வீட்டில் வயதுக் கணக்கு இவ்வளவுதான். புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வெள்ளைக்காரன் காலம், எல்லாமே சென்னை ராஜதானி. ஊரில் பாதிப்பேர் தமிழ் பேசினார்கள், பாதிப்பேர் தெலுங்கு பேசினார்கள். பிறந்த தேதி மட்டும் இரண்டு பாஷையிலும் யாருக்கும் தெரியாது.

அதனால் பள்ளிக்கூடத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். விரல் காதில் பட்டால் படிக்கும் வயசு ஆகிவிட்டது, சேர்த்துக்கொள்வார்கள். படாவிட்டால் அடுத்த விஜயதசமிக்கு வரவேண்டியதுதான். யார் கண்டுபிடித்த சாஸ்திரமோ தெரியாது. நானே பிற்காலத்தில் வாத்தியாரம்மாவாகி எத்தனையோ பிள்ளைகளை அப்படித் தலைமேல் கை போடச் சொல்லியிருக்கிறேன், அதனால் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் போக வேண்டியது அண்ணன் மட்டும். என்னைப் பற்றிய பேச்சே வீட்டில் கிடையாது. எங்கள் தெருவில் பெண் குழந்தை படிக்கப் போனதாகக் கதையிலும் கேட்டதில்லை. வேர்க்கடலை ஆய்வது, கன்றுக்குட்டியை மேய்க்க ஓட்டுவது, இடுப்பில் ஒரு குழந்தையைச் சுமப்பது என்று எங்களுக்கு வேறு பாடத்திட்டம் இருந்தது. எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அண்ணனுக்கு வாங்கி வைத்த சிலேட்டை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். நானும் போறேன் என்று ஒருநாள் அடுப்படியில் அழுதேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கம்முனு இரு. நைனா காதுல உழுந்தா திட்டும்" என்று சொல்லிவிட்டுக் களி கிண்டப் போய்விட்டாள். அம்மாவுக்கு என்மேல் ஆசை இல்லை என்று முடிவு கட்டி அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் பசித்தபோது சாப்பிட்டேன்.

நைனாவுக்கோ, அதாவது எங்கள் அப்பாவுக்கு, அண்ணன்தான் உலகம். அண்ணனுக்குத் தலை பெரிது. சும்மா சொல்லவில்லை, அண்ணனே இன்றைக்கும் ஒத்துக்கொள்வான். அந்தத் தலையைத் தடவிப் பார்த்துத்தான் இவன் தாசில்தார் ஆவான் என்று நைனா தீர்மானித்திருந்தார். தாசில்தார் ஆகப்போகிறவன் கூன்போட்டு நிற்கலாமா? காலையில் எழுந்தால் ராத்திரி படுக்கிறவரைக்கும் "நிமிந்து நில்லுடா" என்பதே நைனாவின் மந்திரம். அண்ணன் சோறு தின்னும்போதும் பனைமரம் மாதிரி உட்கார்ந்திருப்பான். நான் நிமிர்ந்து நடந்தால் அதே நைனா, "பொட்டப்புள்ள இன்னா இப்டி நட்டமா போவுது?" என்று அம்மாவைக் கேட்பார். அம்மா என் பிடரியில் லேசாக ஒரு தட்டு தட்டுவாள். தலை தானாகத் தாழ்ந்துவிடும்.

விஜயதசமிக்கு முன்னால் அண்ணனுக்குத் திருப்பதியில் மொட்டை போடும் வேண்டுதல் இருந்தது. புத்தூரில் ரயிலேறி, ரேணிகுண்டாவில் வண்டி மாறி, அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறினோம். கூட வந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வழிநெடுக ஒரே யோசனையைச் சொல்லிக்கொண்டு வந்தார். மொட்டை அடித்துவிட்டால் முடியின் உயரம் குறையும், கை சுலபமாகக் காதுக்கு எட்டும், ஆகவே பெருமாளே பள்ளிக்கூடத்துக்குச் சிபாரிசு செய்கிறார் என்றார். நைனாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. மேலே நாவிதர் அண்ணன் தலையைக் குனியச் சொல்லித் தெலுங்கில் "தல வஞ்சரா, வஞ்சரா" என்று கெஞ்சினார். அண்ணனா குனிவான்? வளர்ப்பு அப்படி. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தான். கத்தி பட்டு உச்சியில் ரத்தம் வந்தது. பிள்ளை அசையாமல் இருந்ததை நைனா ஊர் திரும்புகிறவரைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

எனக்கு அந்தச் சித்திரையில்தான் காது குத்தியிருந்தார்கள். கம்மலுக்குத் தங்கம் வாங்கத் தை மாதம் ஆகும் என்று நைனா சொல்லிவிட்டதால், துளை மூடாமலிருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சியைச் செருகி வைத்திருந்தாள் அம்மா. காலையில் எனக்கு எண்ணெய் தடவிப் பின்னல் போடுவாள். ஒரு கையில் சீப்பு, மற்றதில் என் முடி. என் இடது கையில் நாடாவைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள். அப்புறம் என் தலையை வலப்பக்கமாக அவள் முழங்காலோடு சாய்த்துக்கொண்டு, "அந்தாண்ட காதுல குச்சி கீதா பாரு" என்பாள். நான் மிச்சமிருக்கிற வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்துத் தடவிப் பார்த்து, குச்சி இருந்தால் "கீதும்மா" என்பேன். முதலில் எட்டாது. "இன்னும் கொஞ்சம் சாயி" என்பாள். சாய்வேன், எட்டும். ஒரு நாளும் அதை மறந்ததில்லை. மார் வலியும் காய்ச்சலுமாக அவள் படுத்த நாளில்கூட என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுப் படுத்தபடியே பின்னினாள்.

விஜயதசமி வந்தது. நைனா வெள்ளை வேட்டி, அண்ணன் மொட்டைக்கு மேல் சந்தனம், மாமா கையில் வெற்றிலைபாக்கு. பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பியதைப் பார்த்ததும் நைனா, "இவ எதுக்கு?" என்றார். தட்டைத் தூக்க ஒரு கை வேண்டாமா என்று சொல்லிக்கொண்டே அம்மாவும் பின்னால் வந்தாள். தட்டுத் தூக்குகிறவளுக்குப் புதுப்பாவாடை எதற்கு, இரட்டைப் பின்னல் எதற்கு என்று கேட்க நைனாவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வாத்தியார் எங்கள் பக்கத்துக்காரர் அல்ல. திருநெல்வேலியிலிருந்து வந்தவர். அவர் பேசுவதும் தமிழ்தான் என்று எங்கள் ஊர் நம்புவதற்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. நாங்கள் போய்க்கினு வந்துக்கினு என்று பேசினால் அவர் முகத்தைச் சுளிப்பார். அவர் ஏலே, ஏட்டி என்றால் எங்களுக்குச் சிரிப்பு வரும். பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டார். "ஏரி ஒடச்சிக்கினு போச்சே, அந்த வருசம் பொறந்தான் ஐயா" என்றார் நைனா. எங்கள் ஏரி உடைந்த செய்தி திருநெல்வேலிக்குப் போயிருக்கவில்லை. வாத்தியார் அண்ணனை முன்னால் நிற்கவைத்துத் தலைமேல் கை போடச் சொன்னார்.

அண்ணன் கையைப் போட்டான். விரல் காதுக்கு மேலே, நல்ல இரண்டு விரற்கடை தள்ளி நின்றுவிட்டது. நைனா பதறிப்போய், "நிமிந்து நில்லுடா" என்றார். அண்ணன் நிமிர்ந்தான். கழுத்து நீண்டது, காது இன்னும் தள்ளிப்போயிற்று. "நேரா நில்லுலே" என்று வாத்தியாரும் தன் பங்குக்குச் சொன்னார். முகம் சிவந்து, நரம்பு புடைத்து, பெருமாள் சிபாரிசு செய்த மொட்டைமேல் கை வழுக்கிக்கொண்டு போனதே தவிர காது கிட்டவில்லை. மாமா தரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"எட்டலியே. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்ற வாத்தியார் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றிலையை மடித்தபடி, "எங்க ஊர்ல அஞ்சு வயசுப் பிள்ளையளே தொட்டுரும். உங்க பக்கத்துல கை கொஞ்சம் குட்டையோ என்னமோ" என்றார்.

நைனாவுக்குச் சுருக்கென்றது. மகனைச் சேர்க்காததைக்கூடப் பொறுத்திருப்பார். ஊர்க்காரர்கள் அத்தனை பேர் நிற்கும்போது ஊருக்கே கை குட்டை என்றால் யார் பொறுப்பார்கள்? "எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கா கை குட்டை?" என்று சுற்றும்முற்றும் பார்த்தார். அந்த நிமிஷத்தில் என் முதுகில் ஒரு கை பட்டது. தட்டு என் கையிலிருந்து எப்படி அம்மா கைக்குப் போயிற்று என்று தெரியாது. நான் நைனாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"இதோ, இவ அவனுக்குச் சின்னவ. ஏய், தொட்டுக் காட்டு" என்றார் நைனா.

அத்தனை ஆண்களுக்கு முன்னால் நின்றதில் எனக்குத் தலை தானாகச் சாய்ந்தது. என்னை யாரும் நிமிர்ந்து நில் என்று சொல்லவில்லை. பெண்பிள்ளை தலைசாய்த்து நிற்பது அடக்கம். அதை எந்த ஊர் வாத்தியாரும் திருத்த மாட்டார். பின்னலும் கனகாம்பரமுமாக மேடிட்டிருந்த தலைமேல் கை போட்டேன். விரலில் குச்சி தட்டுப்பட்டது. பழக்கதோஷம், "கீதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார்தான் அதிகம் சிரித்தார். "சரிதான், தொட்டுட்டா. ஏட்டி, நாளைக்குக் காலையில வந்துரு" என்றார். நைனா விழித்தார். பொட்டைப்பிள்ளைக்கு எதற்கு ஐயா, சும்மா காட்டுவதற்குத்தான் என்று இழுத்தார். எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளையளும்தான் படிக்குது, உங்க ஊர்ல அதெல்லாம் கிடையாதோ என்று கேட்டார் வாத்தியார்.

கேட்கக்கூடாத இடத்தில் கேட்டுவிட்டார். நைனா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏன், எங்க ஊருக்கு இன்னா கொறச்சல்? நாளைக்கே வருவா" என்றார். நான் படித்தது இப்படித்தான். என் அறிவுக்காகவோ அழுகைக்காகவோ யாரும் என்னைச் சேர்க்கவில்லை. திருநெல்வேலிக்கு நகரி, புத்தூர்ப் பக்கம் இளைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நைனா தனக்குத் தானே ஒரு சமாதானமும் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் அண்ணன் போகும்போது துணைக்கு ஓர் ஆள் ஆயிற்றாம்.

அண்ணன் மறு வருஷம் சேர்ந்தான், எனக்கு ஒரு வகுப்புக் கீழே. என் சிலேட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். தாசில்தார் ஆகவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்த முதுகோடு இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். யாரிடமாவது என்னைக் காட்டினால், "எந்தல பெருசா இருந்ததாலதான் இவ வாத்தியாரம்மா ஆனா" என்பான். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தில் அத்தனை பெருமை இருக்கும்.

நகரியில் நான் வேலை பார்த்தபோது ஒருநாள் ஒரு தறிக்காரர் தன் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் விறைப்பாக நின்று கையைப் போட்டான், எட்டவில்லை. சிறுமி வெட்கப்பட்டுத் தலையைச் சாய்த்தாள், காது கைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அம்மாவின் "இன்னும் கொஞ்சம் சாயி" நினைவுக்கு வந்து, என் கை என் காதுக்குப் போயிற்று. இடது காதுக்கு அல்ல, வலது காதுக்கு. அன்றைக்குப் பள்ளி முடியும்வரை எனக்குப் பாடம் ஓடவில்லை. கேட்டுப் பார்க்க அம்மாவும் அப்போது உயிரோடு இல்லை.

வலது காதுக்கு ஏன் என்றால், நான் பள்ளிக்கூடம் சேர்ந்த அந்த வருஷத்துத் தை மாதம் ஒன்று நடந்தது. சொன்னபடி கம்மல் வந்தது. ஆசாரி இடது காதில் குச்சியை எடுத்துவிட்டுச் சுலபமாகப் போட்டார். வலது காதில் குச்சியே இல்லை. எப்போதோ விழுந்து, துளை தூர்ந்து போயிருந்தது. மறுபடி குத்த வேண்டும் என்றார். நான் ஊரைக் கூட்டினேன். நைனா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "தெனம் காலையில குச்சி கீதா, குச்சி கீதான்னு கேட்டியே. ஒரு காதத்தான் கேட்டியா? இந்தக் காதுக்கு உனக்குக் கண்ணு தெரியலியா?" என்று கத்தினார்.

அரிசியில் ஒரு கல் தப்பாமல் பொறுக்குகிறவள் என் அம்மா. அவள் என் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வலிக்காது கண்ணு, வலிக்காது" என்றாள். வலித்தது. எனக்கு அவள்மேல் ஒரே கோபம். நைனா திட்டி முடிக்கும்வரை அவள் தலையைச் சாய்த்தபடியே உட்கார்ந்திருந்தாள், செய்த தப்புக்கு வெட்கப்படுகிறாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.