துரையைச் சின்னதாக வரைந்தேன்

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார்தான். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, ஹட்டன் டவுனில் வாங்கிவந்த பழைய புத்தகமொன்றை விரித்து, எகிப்து ராசா ஒருவரைக் காட்டினார். கல்லில் செதுக்கிய படம். கவாத்து வெட்டுக்குத் தப்பிய தேயிலைச் செடிபோல் ராசா நெடுநெடுவென்று நின்றார். ஒரு கையில் ஆயுதம், மறு கையில் எதிரியின் தலைமுடி. எதிரி அவருடைய முழங்கால் உயரம்கூட இல்லை.

"அந்தக் காலத்துல உள்ளபடி வரைய மாட்டாங்க. அதிகாரம் உள்ளவங்க பெருசு, மத்தவங்க சின்னது," என்றார் வாத்தியார்.

அடுத்த வாரம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. சுவரில் ஒட்ட ஆளுக்கொரு படம் வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் மலையும் சூரியனும் வரைந்தார்கள். நான் எகிப்து முறைப்படி எங்கள் தோட்டத்தை வரைந்தேன்.

யாருக்கு அதிகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்குத் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை. மத்தியானச் சோறு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். கணக்கப்பிள்ளையையே நடுங்கவைக்கும் துரை, சேற்றுச் சப்பாத்தோடு வீட்டுக்குள் போனதற்காகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தன் மனைவி துரைசாணியின் முன்னால் தலைகுனிந்து நிற்பார்.

ஆகவே துரைசாணி தாளின் உச்சிவரை நின்றாள். ஒரு கையில் செடி வெட்டும் கத்தரி, மறு கையில் துரையின் தலைமுடி. துரைக்கு அவ்வளவு முடி கிடையாது. நான் தாராளமாகக் கொடுத்திருந்தேன்.

கடைசியாக ஒட்டிய அந்தப் படத்தை வாத்தியார் கவனித்தபோது துரை வாசலுக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு படமாகப் பார்த்துவந்தவர் என்னுடையதன் முன்னால் நின்றார்.

"இது என்னா?"

"அம்மன், தொரை. அசுரனை வதம் பண்றாங்க," என்றார் வாத்தியார்.

துரை குனிந்து, அசுரனின் காலுறையை உற்றுப் பார்த்து, அரைகுறைத் தமிழில் கேட்டார். "அசுரன் ஏன் மேசு, சப்பாத்து போட்டது?"

"குளிருங்க, தொரை."

துரை படத்தை உரித்தெடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா அன்றே சட்டிபானைகளைச் சாக்கில் கட்டினாள். மறுநாள் அப்பா வேலைக்குப் போனது, பிரம்படி வாங்கப் பிள்ளை போவதுபோல் இருந்தது.

சாயங்காலம் அவர் ஒரு டின் பிஸ்கட்டோடு திரும்பினார். துரை அறைக்குள் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். துரைசாணியின் காலடிச் சத்தம் கேட்டதும் அதை மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டு, "யாருக்கும் சொல்லாதே" என்றாராம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா என்னை மடியில் இருத்திக்கொண்டார். "அதுல என்னையும் வரைஞ்சியா பாப்பா?"

"வரைஞ்சேனே! ரோசாச்செடிக்குக் கீழ ஒரு புள்ளி இருந்துச்சில்ல, அதுதான் நீங்க."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. சீனி சுற்றிவந்த தாளொன்றைத் தேடியெடுத்து, கையால் நீவி என் முன்னால் வைத்தாள்.

"இதுல அப்பாவ வரை. பெருசா வரை."

"அது பிழைம்மா," என்றேன். "வாத்தியார் அப்படிச் சொல்லிக் குடுக்கல."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரியான விடை சொன்ன பிள்ளைமேல் அவளுக்கு என்ன கோபம் என்று புரியாமல், நான் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தேன்.