பட்டாளத்து ஜெனரேட்டரும் வெடிக்கத் தொடங்கிய பாத்தியும்

அந்த ஜெனரேட்டரை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சென்னைக்கு வெளியே, ராணுவம் கழித்த சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற யார்டு ஒன்றில், கிழிந்த கூடாரங்களுக்கும் லாரி டயர்களுக்கும் நடுவே இரண்டு சக்கரத்தின் மேல் அது நின்றது. பச்சை பெயிண்டில் ஒரு கீறல் கிடையாது. ஓட்டை இருந்த இடத்தில் எல்லாம் மெழுகுக் காகிதம் வைத்து டேப் சுற்றியிருந்தார்கள். செய்த நாளிலிருந்து கிடங்கிலேயே கிடந்ததாம். பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்குமாம். மொத்தமாகப் பத்து மணி நேரம்கூட ஓடியிருக்காதாம்.

என் வீட்டுக்காரர் காதருகே வந்து, “ஓடாத இன்ஜின எதுக்கு வாங்கணும்ன்றே?” என்றார்.

“ஓடலன்னாதான் தேயாம இருக்கும். பேசாம வாங்க.”

அவர் வானூரில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். பேசாமல் வருவது அவருக்கு நன்றாகப் பழகிப்போன வேலை. மரக்காணத்தில் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவது நான். கத்துவதும் நான்தான்.

எனக்கு அவசரம் இருந்தது. டிசம்பரில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போன பிறகு, எங்கள் மோட்டார் கொட்டகைக்கு வரும் கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. குப்பங்களுக்கு முதலில் கரண்ட் கொடுத்துவிட்டுத்தான் உப்பளத்துக்கு வருவோம் என்றார்கள். நியாயம்தான். ஆனால் உப்பு விளைகிற பாத்திக்கு நியாயம் தெரியாது. மழை ஈரம் இருக்கும்போதே அதை மிதித்தாக வேண்டும் என்று ஏழு பேரை விட்டுப் பதினோரு நாள் மிதிக்க வைத்திருந்தேன். தரை சிமெண்ட் போட்ட மாதிரி இறுகி, வழுவழுவென்று மின்னியது. அப்படி மிதித்த பாத்தியில் சீக்கிரம் போர்வெல்லின் உப்புத் தண்ணீரை ஏற்றிவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் வெடிக்கும். வெடித்துவிட்டால் மறுபடி கொத்தி, நனைத்து, முதலிலிருந்து மிதிக்க வேண்டும். அதற்குள் பங்குனி போய்விடும். அந்த வருஷத்து உப்பே போய்விடும். ஏற்கனவே அலை வந்து எல்லாரையும் உட்கார வைத்துவிட்டது. அந்த ஏழு பேருக்கும் வேறு வேலை கிடையாது, எனக்கும் கிடையாது.

ஜெனரேட்டர் ஒரு லாரிக்குப் பின்னால் கட்டியிழுத்து வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. பாத்தி வேலை செய்தவர்கள் எல்லாம் வரப்பில் ஓடி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். மெக்கானிக்கும் வந்திருந்தார். அவர் கடற்கரைக் குப்பத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். மீன்பிடி போட்டு இன்ஜின்களை ரிப்பேர் செய்கிறவர். அலையில் அவருடைய சொந்த போட்டும் போய்விட்டது, ரிப்பேர் செய்ய மற்றவர்களுடைய போட்டும் இல்லாமல் போய்விட்டது. பச்சை மூடியைத் தூக்கிப் பார்த்தவுடன் அவர் முகம் மாறிவிட்டது.

“அக்கா, இது பூரா புதுசுக்கா! நட்டுல ஸ்பேனர் பட்ட தழும்புகூட இல்ல பாரேன்!”

அந்தச் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. டேப்பையும் மெழுகுக் காகிதத்தையும் நானே என் கையால் உரித்தேன். காற்று போகும் வாய், புகை வரும் குழாய், டேங்க் மூடி என்று ஒவ்வொன்றாக உரிக்க உரிக்கப் பழைய கிரீஸ் வாசனை வந்தது. உள்பக்கம் ஒரு தகட்டில் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அலுவலகத்துக் கடிதத்தைப் படிக்கிற அதே குரலில் மொழிபெயர்த்தார்.

“நெடுநாள் கழிச்சு ஓட்டறதுக்கு முன்னாடி, எல்லா வாயிலயும் இருக்கற மூடிங்கள எடுத்துட்டதா உறுதி செஞ்சிக்கணும்.”

“எடுத்தாச்சு. அடுத்தத படிங்க.”

அன்று வேலை அதோடு முடிந்தது. எல்லாரும் போன பிறகு நான் மட்டும் இருந்து கொட்டகையை ஒழுங்குபடுத்திவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் இரும்புக்கெல்லாம் வாய் கட்டுவது வழக்கம். உப்புக்காற்று குழாய்க்குள் புகுந்தால் ஒரே வாரத்தில் உள்ளே துரு பிடித்துவிடும். அதனால் பம்பு வாய், குழாய் வாய் என்று எது திறந்திருந்தாலும் கழிவு எண்ணெயில் நனைத்த சாக்கைத் திணித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். சாதாரணமாக அது மேஸ்திரியம்மாவின் வேலை. பாத்தி மிதிக்கிறவர்களுக்குத் தலைமை அவர். ஊரையே ஏறெடுத்துப் பார்க்காத அலட்சியமும் கத்தி போன்ற நாக்கும் உள்ளவர். அன்று அவர் சீக்கிரம் கிளம்பிவிட்டதால் நான் கட்டினேன். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தோம். இத்தனை வருஷம் சும்மா கிடந்த இன்ஜினை எடுத்த எடுப்பில் சுற்றக்கூடாது என்று மெக்கானிக் சொன்னார். மேலே திறந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு முன்பக்கப் பெரிய நட்டில் ஸ்பேனரைப் போட்டு இரண்டு பேர் தொங்கினோம். முதலில் அசையவில்லை. சட்டென்று அரை விரல் நகர்ந்தது. நான் போட்ட சத்தத்தில் தூரத்து வரப்பில் நின்ற கொக்கு பறந்துவிட்டது. டேங்கில் ராணுவம் விட்டுவைத்திருந்த டீசல் வார்னிஷ் மாதிரி கெட்டியாகி இருந்தது. அதை வடித்து, டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, டீசல் குழாயில் இருந்த காற்றை எல்லாம் வெளியேற்றினோம். தண்ணீர் ரப்பர் குழாய்கள் பொடியாகிக் கையோடு வந்தன, புதிது போட்டோம். உப்பு ஏற்ற வரும் லாரி ஒன்றிலிருந்து ஒரு பேட்டரி, இன்னொன்றிலிருந்து ஒரு பேட்டரி என்று இரண்டையும் சேர்த்துக் கட்டினோம். சாயங்காலம் மேலே தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுப் போனோம்.

மூன்றாம் நாள் பட்டனை அழுத்தினோம். கர்ரென்று சுற்றியது, ஒரு முறை வெடித்தது, இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது.

“வந்துடுச்சு!” என்று கத்தினேன். வரவில்லை. மறுபடி அழுத்தினால் மறுபடி இருமல். ஒவ்வொரு முறையும் எங்கள் எல்லாருக்கும் உயிர் வந்து உயிர் போயிற்று. புகை வர வேண்டிய இடத்தில் வராமல் கீழே எங்கேயோ கசிந்தது. கேஸ்கட் போயிருக்கும் என்று மெக்கானிக் அதைக் கழற்றி மாற்றினார். இன்ஜெக்டர்களைக் கழற்றித் துடைத்தார். புகைக் குழாயின் மேல் இருந்த மழைத் தடுப்பு மூடியைத் தூக்கிக்கூடப் பார்த்தார். உள்ளே கரும் இருட்டு. புகைக் குழாய்க்குள் கருப்பாகத்தானே இருக்கும்.

நான்காம் நாள் காலையில் பாத்திக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். வடக்கு ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. விரலால் தடவினால் தெரியும்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. யார்டுக்காரனைத் திட்டினேன். டீசல் பங்கைத் திட்டினேன். தகட்டை மறுபடி படிக்க லீவு போட்டுவிட்டு வந்திருந்த என் வீட்டுக்காரரைத் திட்டினேன். அவர் பொறுமையாக, “மூடிங்கள எடுத்துட்டதா உறுதி செஞ்சிக்கணும்னு போட்டிருக்குது” என்று மறுபடி ஆரம்பித்தார்.

“அத மொத நாளே எடுத்தாச்சுன்னு எத்தினி வாட்டி சொல்றது!”

மதியம் பதினேழாவது முறையோ பதினெட்டாவது முறையோ இன்ஜின் இருமி நின்றது. மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இன்னா கேக்குதுன்னே புரியலக்கா” என்றார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

“போட்டு போனதோட உன் கையும் போயிடுச்சாப்பா?”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அதைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாதா என்று இருந்தது. பாத்தி ஓரத்தில் இருந்த ஏழு பேருக்கும் கேட்டிருக்கும், எனக்குத் தாழ்ந்த குரலில் பேசி வழக்கமில்லை. மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து அதே நட்டை மறுபடி கழற்ற ஆரம்பித்தார். அவர் பதிலுக்குத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நாலு மணி இருக்கும். வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. மேஸ்திரியம்மா வழக்கம்போல எண்ணெய்ச் சாக்குகளை எடுத்துக்கொண்டு வந்து பம்பு வாயைக் கட்டினார். அப்படியே ஜெனரேட்டரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, இதுக்கு யாரு வாய் கட்டறது? இன்னிக்கு நான் கட்டட்டுமா?”

“வேணாம், அதுக்கு அன்னிக்கே நான்...”

என் வாய் திறந்தபடியே இருந்தது. முதல் நாள் சாயங்காலம் என் கை செய்த காரியம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. பம்பு வாயைக் கட்டினேன், குழாய் வாயைக் கட்டினேன், திரும்பினால் இன்னொரு இரும்புக் குழாய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, அதையும் கட்டினேன். காற்றில் பறக்காமல் இருக்கட்டும் என்று முழங்கை அளவுக்கு உள்ளே தள்ளினேன். மழைத் தடுப்பு மூடியைப் பத்திரமாகச் சாத்திவிட்டு வேறு வந்தேன்.

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மெக்கானிக் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜெனரேட்டர் வண்டி மேல் ஏறப் போனார். மேஸ்திரியம்மா கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

“நீ எறங்குப்பா. கட்டுனவங்கதான் அவுக்கணும்.”

அதுவும் எங்கள் வழக்கம்தான். யார் வாய் கட்டினாரோ அவர்தான் அவிழ்க்க வேண்டும், அப்போதுதான் எதுவும் மறந்துபோகாது. அந்த வழக்கத்தை மற்றவர்களுக்கு ஓயாமல் சொல்கிறவள் நான்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டி மேல் ஏறினேன். குழாய் கதகதவென்று இருந்தது. கைவிட்டுத் துழாவி இழுத்தேன். சாக்கு கரேலென்று, பொசுங்கின நாற்றத்தோடு வந்துகொண்டே இருந்தது. இத்தனை சாக்கையா திணித்தேன் என்று எனக்கே மலைப்பாக இருந்தது. கீழே ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேஸ்திரியம்மா சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“அழுத்துப்பா!” என்றேன் மேலிருந்தே.

மெக்கானிக் பட்டனை அழுத்தினார். கர்ரென்று சுற்றியது, வெடித்தது, இருமியது, நிற்கவில்லை. என் முகத்துக்கு நேரே ஒரு கருப்புப் பந்து கிளம்பி மேலே போயிற்று. பிறகு தடதடதடவென்று பிடித்துக்கொண்டது. வண்டி நடுங்கியது, அதன் மேல் நின்ற நானும் நடுங்கினேன். கண், மூக்கு, தலை எல்லாம் கரி. நான் அந்தக் கோலத்திலேயே கைகொட்டிக் கத்தினேன். சந்தோஷத்தில் என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மோட்டாருக்கு ஸ்விட்சைத் தூக்கினார்கள். போர்வெல்லிலிருந்து ஏறிய குழாய் முதலில் காற்றைக் கக்கியது, பிறகு துருத் தண்ணீரை, பிறகு பளிச்சென்று உப்புத் தண்ணீரைக் கொட்டியது. வாய்க்காலில் அது ஓடிய வேகத்துக்கு நாங்களும் வரப்பில் ஓடினோம், என் வீட்டுக்காரர்கூடப் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஓடினார். பாத்தி மடையைத் திறந்ததும் தண்ணீர் வடக்கு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மயிரிழை வெடிப்பில் இருந்து நாலைந்து சின்னக் குமிழ் வந்தது. அப்புறம் வரவில்லை. தரை தாங்கிவிட்டது. மேஸ்திரியம்மா ஒரு கால் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார்.

எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி ஜெனரேட்டரிடம் வந்தேன். மெக்கானிக் அதன் பக்கத்தில் குனிந்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். போட்டு போன நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையாக வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

“மன்னிச்சுக்கப்பா” என்றேன்.

அவர் காதில் கையை வைத்து, “இன்னாக்கா? சத்தத்துல கேக்கல” என்றார்.

“நான் சொன்னது தப்புப்பா!”

“கேக்கலக்கா!”

வேறு வழியில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, திட்டும்போது எடுக்கிற அதே குரலை எடுத்தேன்.

“உன் கை எங்கயும் போவல! என் புத்திதான் போயிடுச்சு! என்ன மன்னிச்சுடுப்பா!”

பாத்தி வரப்பில் இருந்த ஏழு பேரும், என் வீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். மதியம் அந்த வார்த்தையைக் கேட்ட ஒரு காதுகூட விட்டுப்போகவில்லை. மெக்கானிக் மறுபடி குனிந்து திருக ஆரம்பித்தார். தோளில் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“மொத வாட்டியே கேட்டுதுக்கா.”