மேகமலைக்குப் போட்ட திட்டம்

என் கண் டாக்டருக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது, நேரே இருப்பது தெரியும், பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், போனது திரும்பாது என்றார். சொட்டு மருந்து போட்டால் மெதுவாகப் போகுமாம். பெரிய ஆறுதல்!

அன்று சாயங்காலம் பழங்காநத்தத்தில் ஒரு டீக்கடையில் வைத்து நண்பனிடம் மட்டும் சொன்னேன். கல்லூரி நாளிலிருந்து நாங்கள் இருவரும் சைக்கிள் பைத்தியங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகமலை அடிவாரத்து மண் பாதையில் ஓட்டி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வருவோம். பெரிய மலை ஒன்றின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை சைக்கிளில் இறங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

"பார்வ இருக்கப்பவே போயிரணும் மாப்ள," என்றேன்.

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனில் மேப்பைத் திறந்தான். காரில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு தேனி, சின்னமனூர் வழியாக மேகமலை. ஒரு நாள் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நடை, மறுநாள் சைக்கிளில் இறக்கம். அவ்வளவுதான் திட்டம். இரண்டு பேர், இரண்டு சைக்கிள்.

மேகமலை என்ற பேச்சு மனைவியின் காதில் விழுந்தது. "எங்கண்ணன் வீட்டையும் கூப்பிடுங்க, பாவம், அவங்க எங்கதான் போறாங்க?" என்றாள். கண் விஷயத்தை அவளிடம் மறைத்திருந்த நான் எதைச் சொல்லி மறுப்பது? ஒரே வாரத்தில் வேன் பேசி, புளியோதரைக்குத் தலை எண்ணியாகிவிட்டது. சைக்கிளை எங்கே ஏற்றுவது என்று மச்சானைக் கேட்டேன்.

"மலைக்குப் போயி எதுக்கு மாப்ள சைக்கிளு? அதான் வேன் இருக்குல்ல?"

பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்து அந்தப் பயணம் நின்றது. வீடே முகத்தைத் தூக்கி வைத்திருந்தபோது எனக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது.

மறுபடி நாங்கள் இருவர் மட்டும் நாள் குறித்தோம். நண்பனின் ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. அங்கே அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும் வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அந்த வருடம் அவன் தீச்சட்டி வேறு எடுப்பதாக நேர்ந்திருந்தான். இத்தனையும் தெரிந்த இரண்டு பேர், காப்பு என்றைக்கு என்று ஊரில் கேட்காமலே லீவு போட்டு, அறையும் பிடித்துவிட்டோம். நாங்கள் குறித்த நாளுக்கு முன்பே காப்புக் கட்டிவிட்டார்கள்.

"நீ மட்டும் போயிட்டு வா மாப்ள," என்றான்.

"தனியா போறதுக்கா இம்புட்டு நாளு காத்துக் கெடந்தேன்?"

எனக்கு அம்மன் மேலேயே கோபம் வந்தது. ஒரு மாதம் தள்ளி வைத்தால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? எனக்குத்தான் தள்ளி வைக்க நாள் இல்லை. திருவிழா முடிந்தபோது கோடை முற்றி, காட்டுத் தீக்குப் பயந்து மலைப் பாதைகளை மூடிவிட்டார்கள். தினமும் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். சுவரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதே வேலையாகிப் போனது. அழுதும் இருக்கிறேன்.

மழை பெய்தது, பாதைகளைத் திறந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், புது பிரேக்கைச் சோதித்துப் பார்க்கத் திருநகரிலிருந்து பசுமலை வரை ஓட்டினோம். நான் முன்னால், அவன் பின்னால். இடது பக்கத் தெருவிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்ததாம். எனக்கு ஹாரன் சத்தம்தான் வந்தது, அதோடு அவன் போட்ட கூச்சலும். பிரேக் நன்றாகவே பிடித்தது. ஆட்டோக்காரர் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார்.

நண்பன் இறங்கி வந்து என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"நடையை மட்டும் வச்சுக்குவோம்டா மாப்ள."

"எறக்கம்?"

அவன் என் பிரேக்கை ஒரு முறை அழுத்திப் பார்த்தான். "எறக்கத்துல நான் முன்னாடி போறேன், நீ எம் பின்னாடியே வந்துரு," என்றான்.

சரி என்றேன். திருநகர் வரை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். அவன் என் இடது பக்கம்தான் வந்திருக்க வேண்டும். பேசாமல் வந்ததால் எனக்குத் தெரியவில்லை.